ஏலத்தில் ஏறிய கியூ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ரேஷன் கடை கியூ பற்றியது இல்லை. பில்லியர்ட்ஸ் மேசையில் பந்தை இடிக்கிறோமே, அந்தக் குச்சி. அமெரிக்காவில் கையால் கியூ செய்பவர்களில் பேர் வாங்கியவர்களிடம் ஆர்டர் கொடுத்தால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆக, கியூ வாங்கவும் கியூதான். (மன்னிக்கவும், சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

போன வாரம் வகுப்பில் விலை நிர்ணயம் பற்றிப் பேச்சு வந்தது. பக்கத்து பெஞ்ச் நண்பன் அடித்துச் சொன்னான்: "ஏலத்துல என்ன விலைக்குப் போகுதோ அதுதான்டா அந்தப் பொருளோட மதிப்பு. மத்ததெல்லாம் சும்மா சென்டிமென்ட்." எல்லாரும் தலையாட்டினோம், நானும்தான். விடுதிக்கு வந்த பிறகுதான் உறைத்தது. கையால் செய்த கியூ விஷயத்தில் இது சுத்தப் பேத்தல்.

ஏன் என்று சொல்கிறேன். 1995-ல் தொடங்கிய ஈபேயையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கியூவுக்கு 3000 டாலர் வரை போகலாம் என்று நீங்கள் உச்சத் தொகையைப் போட்டு வைக்கிறீர்கள். உங்களுக்கு அடுத்த ஆள் 1400 வரைதான் போட்டிருக்கிறார். கியூ உங்களுக்கு 1400-க்கு மேல் ஒரே ஒரு படி கூடுதலாகக் கிடைத்துவிடும். மனதில் இருந்த 3000 யாருக்கும் தெரியாது. வில்லியம் விக்ரே 1961-ல் எழுதிய ஏலக் கட்டுரை கிட்டத்தட்ட இந்த ஏற்பாட்டைப் பற்றியதுதான், 1996-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. தேர்வுக்கு இது போதும்.

ஆனால் பதிவாகும் விலையை முடிவு செய்வது இரண்டாவது ஆள் என்பதைக் கவனியுங்கள். நூறு பேர் மோதும் செல்போன் ஏலத்தில் முதல் ஆளுக்கும் இரண்டாவது ஆளுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. குறிப்பிட்ட ஒருவர் செய்த, குறிப்பிட்ட எடையுள்ள கியூவை அந்த ஏழு நாளில் உலகத்தில் எத்தனை பேர் தேடிக்கொண்டிருப்பார்கள்? மூன்று பேர் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒருவர் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டிவிட்டு பர்ஸை மூடிக்கொண்டார். இன்னொருவர் ஏலம் முடியும் நேரத்தில் தூங்கிவிட்டார். அவ்வளவுதான், மதிப்பு பாதியாகிவிட்டது! மரம் அதே மரம், வேலை அதே வேலை.

விற்றவருக்கு அவசரம், விற்றுவிட்டார். வாங்கியவருக்குக் கொண்டாட்டம். மாட்டிக்கொள்கிறவர் பட்டறையில் நிற்கும் மனிதர். புதுக் கியூவுக்கு 2800 டாலர் கேட்கிறவரிடம் அடுத்த வாடிக்கையாளர் "உங்க கியூ அங்க 1400-க்குப் போச்சே" என்பார். என்ன பதில் சொல்வது? பழசு என்றா, போட்டோ சரியில்லை என்றா?

போட்டோவில் தெரியாத பொருள் இது என்பதுதான் பெரிய கொடுமை. மேப்பிள் மரத்தை ஒரே நாளில் கடைந்துவிட முடியாது. கொஞ்சம் கடைந்து, மாதக்கணக்கில் ஆறப்போட்டு, வளைகிறதா என்று பார்த்து, மறுபடி கடைய வேண்டும். வளைந்தது விறகுதான். நேராக இருக்கிறதா, கையில் எடை எங்கே நிற்கிறது, பந்தில் பட்டதும் கைக்கு என்ன வந்து சேர்கிறது, இதெல்லாம் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். திரையில் பார்ப்பவருக்கு நல்லதும் சொத்தையும் ஒன்றுதான்; அதனால் பயந்து குறைத்தே கேட்பார். ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-ல் பழைய கார்களை வைத்து எழுதியது இதைத்தான். நாமும் பத்து மார்க்குக்கு அதை மனப்பாடம் செய்தோம். எவனாவது யோசித்தோமா?

"அப்போ பலபுஷ்கா விலை ஏறினது எப்படிடா?" என்று நண்பன் மடக்கினான். நியாயமான கேள்வி. ரஷ்யாவில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா வந்த ஜார்ஜ் பலபுஷ்கா 1959-ல் கியூ செய்ய ஆரம்பித்தார், 1975-ல் இறந்துவிட்டார். இனி ஒரு கியூ கூட வராது. அப்படிப்பட்ட பொருளுக்கு ஊர் ஊராக வாங்குபவர்களைக் கூட்டி வருவது நல்லதுதான், ஒத்துக்கொள்கிறேன். கண்காட்சிக்குப் போக முடியாத சின்ன ஊர்க்காரனுக்கும் ஒரு வாய்ப்பு. ஆனால் பெயர் மரத்தைவிடப் பெரிதாகும்போது போலியும் கூடவே வரும். 1986-ல் வந்த 'தி கலர் ஆஃப் மனி' படத்தில் பால் நியூமன் டாம் குரூஸிடம் கொடுக்கும் 'பலபுஷ்கா'வே ஜாஸ் என்ற கம்பெனி செய்த கியூதான். சினிமாவுக்கு அது பரவாயில்லை. ஏலத்தில் காசு கட்டியவனுக்கு?

உயிரோடு இருப்பவர் கதையே வேறு. அவர் கியூவுக்கு ஏலத்தில் கிராக்கி வந்தால், வரிசையில் முன்னால் நிற்கும் ஒருவர் ஆர்டர் விலைக்கு வாங்கி, சாக்பீஸ் கூடத் தடவாமல் மறுநாளே ஏலத்தில் ஏற்றிவிடலாம். வித்தியாசம் அவர் பாக்கெட்டுக்கு. செய்தவருக்கு அதில் ஒரு சென்ட் கிடையாது. ஏறினால் லாபம் கைமாற்றி விடுகிறவருக்கு, இறங்கினால் கெட்ட பெயர் செய்தவருக்கு. இதற்குப் பெயர் விலை கண்டுபிடிப்பாம்!

குறைந்தபட்ச விலை வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம், விற்பவர். செய்தவருக்கு அந்த ஏலத்தில் வாயே கிடையாது. அவரே கேட்டு வாங்கி விலையைத் தாங்கலாம் என்றான் நண்பன். தாங்கலாம், பட்டறை வாடகை போக மிச்சம் இருந்தால்.

ஏலத்தை மூடச் சொல்லவில்லை நான். முடிந்த ஏலத்தின் ஒற்றை எண்ணைத் தூக்கிக்கொண்டு பட்டறை வாசலில் பேரம் பேசாதீர்கள் என்கிறேன். எத்தனை பேர் கேட்டார்கள், விற்றவர் யார், கியூவை உருட்டிப் பார்த்தவர் உண்டா என்று முதலில் பாருங்கள்.

நண்பன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நேற்று சாயங்காலம் பார்லருக்குப் போனோம். அங்கே கிடந்த ஐந்து கியூவையும் மேசையில் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒன்றை எடுத்தான், மகராசன் :)