விட்ட இடத்திலிருந்து...

எங்க லேப் அண்ணா போன வாரம்தான் திரும்ப காலேஜுக்கு வந்தார். மனைவி தவறி இருபது நாள். என்ன பேசறதுன்னு தெரியாம, ரெக்கார்டு நோட்டுக்குள்ள முகத்தைப் புதைச்சுக்கிட்டோம். அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல தூக்கம் வரலை. ஞாபகத்துக்கு வந்தவங்க, மேரி க்யூரி.

1906 ஏப்ரல் 19. பாரிஸில் மழை. சாலையைக் கடந்த கணவர் பியர், குதிரை வண்டியில் அடிபட்டு அங்கேயே இறந்துபோனார். மேரிக்கு வயசு 38. ரெண்டு பெண் குழந்தைகள். சின்னவளுக்கு ஒன்றரை வயசுகூட ஆகலை. பியரிடமே பேசுற மாதிரி டைரி எழுதி அழுதாங்க.

அதே வருஷம் நவம்பர் 5. சோர்போன் பல்கலைக்கழகத்தில் பியர் எடுத்த வகுப்புக்கு மேரி வந்தாங்க. அரங்கம் நிரம்பி வழிஞ்சுது. முன்னுரை, கண்ணீர் எதுவும் இல்லை. பியர் விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கினாங்க!

எப்படி முடிஞ்சுது? வீட்டில் மாமனார் இருந்தார். மகனைப் பறிகொடுத்த அந்தப் பெரியவர், 1910-ல் தான் இறக்கும்வரை மருமகளோடு இருந்து பேத்திகளைப் பார்த்துக்கிட்டார். அவருக்கும் அதே துக்கம்தானே?

மறுநாள் நாலு பேரா லேபுக்குப் போனோம். ஒயரெல்லாம் சுத்தி வெச்சோம். கேன்டீன் டீ வாங்கிக் கொடுத்தோம். ஒரு வாய் குடிச்சவர், "அவளுக்கு இஞ்சி டீன்னா உயிர்டா தம்பி"ன்னார். அப்புறம் அரைமணி நேரம் அவர்தான் பேசினார்.

நாங்க கேட்டுக்கிட்டு இருந்தோம். அவ்ளோதான் ஃப்ரெண்ட்ஸ். ஆறுதலுக்கு டயலாக் தேடாதீங்க. பக்கத்துல போய் உட்காருங்க.