இலையில் ஓட்டை விழுந்தால் உடனே மருந்தா?

மாடித் தோட்டம் போட்டிருக்கும் நம் வயதுக்காரர்கள் பலரிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். தக்காளி இலையில் ஓர் ஓட்டை தெரிந்தால் போதும், அன்று மாலையே பூச்சிமருந்துக் கடையில் நிற்பார்கள். இந்த அவசரம் வேண்டாம் என்பது என் கட்சி.

செடி ஓடாது, கத்தாது. அதனால் அதற்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடுகிறோம். 1972-ல் அமெரிக்காவில் கிரீன், ரயான் என்ற இரு விஞ்ஞானிகள் ஒன்றைக் கண்டார்கள். பூச்சி கடித்த தக்காளிச் செடியில், கடிபடாத இலைகளிலும் ஒருவகைப் புரதம் சேர்கிறது. அந்த இலையைத் தின்னும் பூச்சிக்குச் செரிமானம் கெட்டுப்போகும். ஓர் இலை கடிபட்ட சேதி மற்ற இலைகளுக்கும் போய்விடுகிறது என்றுதானே அர்த்தம்! இந்த எச்சரிக்கை வேலையில் முக்கியப் பங்கு ஜாஸ்மோனிக் அமிலத்துக்கு. பெயரிலேயே மல்லிகை இருக்கிறது பாருங்கள். இதன் நெருங்கிய உறவான ஒரு வாசனைப் பொருளை 1962-ல் ஜாதிமல்லி எண்ணெயிலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள்.

மக்காச்சோளம் துணைக்கு ஆளே கூப்பிடுகிறது. இலையைச் சும்மா கீறினால் அவ்வளவாக வாசனை வராது. கீறலில் புழுவின் எச்சில் பட்டால் தனி வாசனை கிளம்பும். அதை மோப்பம் பிடித்து ஒருவகைக் குளவி வந்து புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். பொரிந்து வரும் குஞ்சு புழுவையே தின்று வளரும். இது 1990-ல் வெளியான ஆய்வு.

நாம் மருந்தடித்தால் புழுவோடு அந்தக் குளவியும் சாகிறது. சிலந்தியும் பொறிவண்டும் சாகின்றன. நெல்லில் மருந்து கூடக்கூடப் புகையான் பெருகியதற்கு இதுவே பெரிய காரணம். அதனால்தான் இந்தோனேசிய அரசு 1986-ல் நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளுக்குத் தடை போட்டது.

எல்லாவற்றையும் செடியே பார்த்துக்கொள்ளும் என்று நான் சொல்லவில்லை. பூச்சி அளவுமீறிப் பெருகினால் விவசாயிக்கு மருந்து தேவைப்படலாம். வேளாண்மைத் துறையினர் ‘பொருளாதார சேத நிலை’ என்று ஒரு கணக்குச் சொல்வது அதற்காகத்தான். ஆனால் நாலு தொட்டி வைத்திருக்கும் நமக்கு என்ன அவசரம்? காலையில் இலையைத் திருப்பிப் பார்த்துப் புழுவைக் கையால் எடுத்துப் போடுங்கள். நாலைந்து நாள் பொறுங்கள். பேரப்பிள்ளைகள் பறித்துத் தின்னும் தக்காளி அது.