நோட்டுக்குள் முடங்கும் சோதனைகள்

2023 நவம்பர் 29 அன்று ‘நேச்சர்’ இதழில் இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் ஒன்றாக வெளிவந்தன. ஒன்று கூகுள் டீப்மைண்ட் நிறுவனத்துடையது. ‘நோம்’ என்ற தங்கள் செயற்கை நுண்ணறிவு 22 லட்சம் புதிய படிக அமைப்புகளைக் கணித்துவிட்டதாகவும், அவற்றில் 3,80,000 நிலைத்து நிற்கக்கூடியவை என்றும் அது சொன்னது. மற்றொன்று கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்திலிருந்து வந்தது. அங்கே ‘ஏ-லேப்’ என்ற கூடத்தில் ரோபோ கைகளே பொடிகளை எடைபோட்டுக் கலந்தன, மூசையில் கொட்டி உலைக்குள் வைத்தன, வெந்ததை அரைத்து எக்ஸ்-கதிர்க் கருவியிடம் கொடுத்தன. கிடைத்த படத்தைக் கணினியே படித்து, அடுத்து என்ன செய்யலாம் என்பதையும் முடிவு செய்தது. 17 நாட்கள் ஓய்வில்லாத வேலை. கணினி கணித்த 58 பொருட்களுக்கு முயன்று 41-ஐ உருவாக்கிவிட்டதாக அறிவித்தார்கள்.

வேதியியலாளருக்கு இனி வேலை இல்லை என்கிற தொனியில் செய்திகள் வந்தன. சில வாரங்களுக்குள் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் ராபர்ட் பால்கிரேவும், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் லெஸ்லி ஸ்கூப்பும் தத்தம் குழுவினருடன் அந்த 41 பொருட்களின் எக்ஸ்-கதிர்ப் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார்கள். 2024-ல் வெளியான அவர்களின் முடிவு கறாரானது: புதிய பொருள் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை.

எங்கே பிசகியது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு படிகத்தில் இரண்டு வகை உலோக அணுக்கள் சம அளவில் இருக்கின்றன என்று கொள்வோம். கல்யாணப் பந்தியில் ஒரு பெரியவர், ஒரு குழந்தை என்று மாற்றி மாற்றி உட்கார வைப்பதுபோல அவற்றை அடுக்கலாம். அல்லது கிடைத்த இடத்தில் யாரும் உட்காரலாம் என்று விட்டுவிடலாம். இரண்டிலும் தலைக்கணக்கு ஒன்றுதான். கணினி கணித்தவை முதல் வகை. அதன் கணக்கு வெப்பமே இல்லாத நிலைக்கானது. அங்கே ஒழுங்கான வரிசைதான் ஜெயிக்கும். உலையிலோ பல நூறு டிகிரி வெப்பம். அங்கே அணுக்கள் கலந்து உட்காருவதற்கே வாய்ப்பு அதிகம். அப்படிக் கலந்து அமைந்த பொருட்களை வேதியியலாளர்கள் ஏற்கெனவே செய்து பதிவும் செய்திருந்தார்கள். ஏ-லேப் வெற்றி என்று அறிவித்தவற்றில் மூன்றில் இரண்டு பங்கு இப்படி ஏற்கெனவே அறிந்த கலப்பு வடிவங்களாகத்தான் இருக்க வேண்டும் என்பது பால்கிரேவ், ஸ்கூப் குழுவின் வாதம்.

இதை எக்ஸ்-கதிர்ப் படத்தில் கண்டுபிடிக்க முடியாதா என்றால், பல நேரங்களில் முடியும். அணுக்கள் வரிசை மாறாமல் அமர்ந்திருந்தால் பெரிய முகடுகளுக்கு இடையே சின்னஞ்சிறு கூடுதல் முகடுகள் எழும். அவை இருக்கின்றனவா என்று பார்ப்பதற்குக் கண் பழகியிருக்க வேண்டும். எத்தனையோ பொடிகளை ஏமாந்து ஏமாந்து பார்த்தவருக்கு வரும் பழக்கம் அது. பெர்க்லி குழுவின் தலைவர் ஜெர்பிராண்ட் செடரும், மனிதர் செய்தால் அந்தப் பகுப்பாய்வு மேலும் தரமாக அமையும் என்று ஒப்புக்கொண்டார். தானியங்கிக் கூடம் எவ்வளவு தூரம் போக முடியும் என்று காட்டுவதே தங்கள் நோக்கம் என்றும் சொன்னார். அது நியாயமான நோக்கம்தான். டீப்மைண்டின் நீண்ட பட்டியலையும் 2024-ல் அந்தோணி சீத்தம், ராம் சேஷாத்ரி ஆகிய இரு பொருளறிவியலாளர்கள் அலசினார்கள். புதுமை, நம்பகம், பயன் மூன்றும் சேர்ந்த பொருள் அதில் தென்படுவது அரிது என்பது அவர்களின் கருத்து.

இதனால் இயந்திரமே வீண் என்று சொல்லிவிட முடியாது. 2020-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கூப்பர் குழுவின் நடமாடும் ரோபோ ஒன்று எட்டு நாட்களில் 688 சோதனைகளைத் தானே செய்தது. தண்ணீரிலிருந்து ஒளியின் துணையோடு ஹைட்ரஜன் எடுக்கும் வினையூக்கிக் கலவையைத் தொடங்கிய நிலையைவிட ஆறு மடங்கு மேம்படுத்தியது. அதே ஆண்டு டீப்மைண்டின் ‘ஆல்ஃபாஃபோல்ட்’ புரதங்களின் முப்பரிமாண வடிவத்தைச் சோதனைக்கு இணையான துல்லியத்துடன் பல இடங்களில் கணித்துக் காட்டியது. அதற்காகவே டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும், புரத வடிவமைப்புக்காக டேவிட் பேக்கரும் 2024-ன் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள்.

புரதத்தில் வென்ற இயந்திரம் படிகத்தில் ஏன் தடுமாறியது? காரணங்கள் பல. ஆனால் முதன்மையானது, அது எதைப் படித்து வளர்ந்தது என்பது. புரதங்களுக்கென்று ஒரு பொதுக் களஞ்சியம் இருக்கிறது. 1971-ல் வெறும் ஏழு அமைப்புகளுடன் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் தொடங்கியது. அரை நூற்றாண்டு காலம் உலகெங்கும் படிகம் வளர்த்தவர்கள் தாங்கள் கண்டதை அதில் சேர்த்தார்கள். ஆல்ஃபாஃபோல்ட் படித்தது அப்படிச் சேர்ந்த ஏறத்தாழ 1,70,000 அமைப்புகளை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மனிதரின் மாதங்களும் ஆண்டுகளும் உண்டு, பொதுப்பணமும் உண்டு.

அந்தக் களஞ்சியத்துக்குள் வரும் எந்தப் புரத அமைப்பும் கடக்க வேண்டிய பரிசோதனைகளில் ஒன்று சென்னையில் பிறந்தது. 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூவரும் வெளியிட்ட வரைபடம் அது. புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு கோணங்கள் சுழலலாம். எந்தக் கோணத்தில் சுழன்றால் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்று அவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அந்த வரைபடச் சதுரத்தின் பெரும்பகுதி ‘இங்கே வரக்கூடாது’ என்று ஒதுக்கப்பட்ட நிலம். சில தீவுகளில் மட்டுமே சங்கிலி நிம்மதியாக இருக்கும். இன்றைக்கும் ஓர் அமைப்பு சரியா என்று பார்க்க, அதன் புள்ளிகள் அந்த ஒதுக்கப்பட்ட இடத்தில் விழுகின்றனவா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள்.

எது நடக்காது என்று தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய அறிவு என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. இன்றைய வேதியியலில் அந்த அறிவைத்தான் அன்றாடம் தொலைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏதாவது ஒரு கல்லூரியின் கரிம வேதியியல் ஆய்வகத்துக்குள் மாலை நேரத்தில் போனால் இதைக் கண்ணால் காணலாம். முனைவர் பட்ட மாணவி, வினை நடந்ததா என்று காட்டும் டி.எல்.சி. தகட்டைப் புற ஊதா விளக்கின் கீழ் பிடித்துப் பார்க்கிறார். காலையில் தெரிந்த அதே ஸ்பாட், அதே உயரத்தில். எட்டு மணி நேரம் சூடாக்கியும் தொடங்கிய பொருள் அப்படியே இருக்கிறது. ‘ரியாக்‌ஷன் போகல’ என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொல்கிறார். கரைப்பானை மாற்றுகிறார். மறுநாள் குடுவையின் அடியில் தார் மாதிரி ஒரு கருப்பு. அடுத்த மாதம் வேறு வினையூக்கி, வேறு வெப்பநிலை. கடைசியில் ஒன்று பலிக்கிறது. ஆய்வுக் கட்டுரையில் அச்சேறுவது அந்த ஒன்று மட்டும்தான். மற்றவை நோட்டுக்குள் கிடந்து, அவர் பட்டம் வாங்கிப் போனதும் அலமாரிக்குப் போய், அறையைக் காலி செய்யும் நாளில் பழைய பேப்பர்காரரிடம் போகும்.

இந்த நோட்டுகளுக்கு மதிப்பு உண்டு என்பதை அமெரிக்காவின் ஹேவர்ஃபோர்டு கல்லூரி 2016-லேயே மெய்ப்பித்தது. அது பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் அல்ல. இளநிலை மாணவர்கள் படிக்கும் சின்னக் கல்லூரி. அலெக்சாண்டர் நோர்க்விஸ்ட், ஜோஷுவா ஷ்ரியர், சோரெல் ஃபிரீட்லர் ஆகிய ஆசிரியர்கள், ஆய்வகத்தில் தூங்கிக்கிடந்த பழைய நோட்டுகளை எடுத்து, படிகம் வந்தவை, வராதவை என்று பார்க்காமல் ஏறத்தாழ 4,000 வினைகளைக் கணினியில் ஏற்றினார்கள். எந்த நிலைமையில் வனேடியம் செலினைட் படிகங்கள் வளரும் என்று அதனிடம் கேட்டார்கள். கணினி சொன்னபடி செய்தவற்றில் 89 சதவீதம் பலித்தன. அனுபவசாலிகள் உள்ளுணர்வால் தேர்ந்தவற்றில் 78 சதவீதம். பலிக்காத வினைகளும் கூடவே இருந்ததால்தான் இயந்திரத்துக்கு எல்லைக்கோடு எங்கே என்று தெரிந்தது.

அதே குழுவினர் 2019-ல் சொன்னது இன்னும் கவனிக்கத்தக்கது. இத்தகைய படிகங்களைச் செய்வதில் உலகம் முழுக்க வேதியியலாளர்கள் பயன்படுத்திய அமீன்கள் என்ற கரிமச் சேர்மங்களை எண்ணிப் பார்த்தார்கள். 17 சதவீத அமீன்களே 79 சதவீதப் பொருட்களில் இருந்தன. அவை விலை மலிவானவையும் அல்ல, சிறப்பாக வேலை செய்பவையும் அல்ல. முன்னால் ஒருவர் பயன்படுத்தினார், பின்னால் வந்தவரும் பயன்படுத்தினார், அவ்வளவுதான். தற்போக்காகத் தேர்ந்த சோதனைகளின் தரவு, மனிதர் தேர்ந்த சோதனைகளின் தரவைவிட இயந்திரத்துக்கு நன்றாகப் பாடம் சொல்லியது. கட்டுரைகளையும் காப்புரிமைகளையும் மட்டும் படித்து வளரும் இயந்திரம், வெற்றியை மட்டுமின்றி நம்முடைய பழக்கதோஷத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது.

இந்தியாவுக்கு இங்கே ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஆராய்ச்சிக்கு இந்நாடு செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் அளவில்தான். ஒரு ரோபோ கூடத்தைக் கட்டி, அமெரிக்காவுடனோ சீனாவுடனோ கருவிக்குக் கருவி போட்டியிடுவது இப்போதைக்கு ஆகாத காரியம். ஆனால் குடுவையோடு மல்லாடும் கைகள் இங்கே ஏராளம். ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அரசு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. சுமார் 13,000 ஆய்விதழ்களை அரசுக் கல்லூரி மாணவரும் படிக்கலாம். மிக நல்ல திட்டம். ஆனால் அந்தப் பணம் பிறர் பெற்ற வெற்றியைப் படிக்கத்தான். நம் ஆய்வகங்களில் நாள்தோறும் கிடைக்கும் விடைகளைச் சேர்த்துவைக்க ஏற்பாடு வேண்டாமா?

ஏற்பாட்டுக்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வேட்டை மின்வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி சொல்கிறது. காந்திநகரிலுள்ள இன்ஃபிலிப்நெட் மையம் நடத்தும் ‘சோத்கங்கா’ தளத்தில் அவை லட்சக்கணக்கில் குவிந்திருக்கின்றன. வேதியியல், பொருளறிவியல் ஆய்வேடுகளுடன் ஓர் அட்டவணைக் கோப்பும் கட்டாயம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். செய்த ஒவ்வொரு வினைக்கும் ஒரு வரிசை: என்ன பொருட்கள், எத்தனை கிராம், எந்தக் கரைப்பான், எவ்வளவு வெப்பம், எவ்வளவு நேரம், என்ன கிடைத்தது. கிடைக்கவில்லை என்றால் அதுவும். எந்த வடிவத்தில் எழுதுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ளவும் வேண்டாம். 2021-ல் தொடங்கிய ‘ஓப்பன் ரியாக்‌ஷன் டேட்டாபேஸ்’ என்ற பொதுக் களஞ்சியம் ஒரு வடிவத்தை வகுத்துத் தந்திருக்கிறது.

மறுப்புகள் வரும். மாணவரின் கைத்தவறால் கெட்ட வினைக்கும், இயல்பாகவே நடக்காத வினைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, ஈரம் புகுந்த கரைப்பான் எந்த வினையையும் கெடுக்கும். ஒருவரின் ஒற்றைத் தோல்வியை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. பத்து ஊர்களில் பத்துப் பேர் தனித்தனியே அதையே கண்டிருந்தால் கதை வேறு. அப்படிக் காண்பதற்கே அவை ஓரிடத்தில் சேர வேண்டும். போட்டியாளர் பார்த்துவிடுவார் என்று வழிகாட்டிகள் தயங்குவார்கள். காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர்கள் கோப்பை இரண்டு ஆண்டுகள் பூட்டிவைக்க அனுமதி கொடுக்கலாம்.

கடினமான மறுப்பு வேறொன்று. நானூறு வரிசைகளில் முன்னூற்றைம்பது ‘பலிக்கவில்லை’ என்று இருந்தால், வாய்மொழித் தேர்வில் அந்த மாணவியின் கதி என்ன? தேர்வாளர் முகம் சுளித்தால் அடுத்த ஆண்டு மாணவர்கள் தோல்விகளை எழுதாமல் விட்டுவிடுவார்கள், கோப்பும் பாழாகும். அதனால் அந்த அட்டவணை மதிப்பீட்டில் சேராது என்று விதியிலேயே எழுதிவிட வேண்டும். பட்டம் உறுதியான பிறகு கோப்பை ஏற்றினாலும் போதும். தேசிய ஆராய்ச்சி நிதியம் போன்ற அமைப்புகள் நிதி கொடுக்கும்போது, வெளியான கட்டுரைகளோடு இப்படிச் சேர்த்த பதிவுகளையும் எண்ணலாம். வேதியியல் துறைகள் விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. இந்தக் கல்வியாண்டில் சேரும் ஆய்வு மாணவர்களுக்கு முதல் நாளே நோட்டோடு சேர்த்து அந்த அட்டவணைப் படிவத்தையும் கையில் கொடுத்துத் தொடங்கலாம்.