வண்டியூர்க் குப்பையும் கைத்தொழிலும்

மஹால் கட்டுவதற்காகத் திருமலை நாயக்கர் மண்ணெடுத்த பள்ளமே வண்டியூர்த் தெப்பக்குளமாயிற்று என்பது மதுரையில் வழங்கும் கர்ணபரம்பரை. வீணாய்க் கிடந்திருக்கக்கூடிய ஒரு குழியை, நடுவே மைய மண்டபமும் சுற்றிலும் கற்படிகளும் அமைத்து, தைப் பூசத்தன்று தெப்பம் மிதக்கும் திருக்குளமாக்கியவர்களின் சந்ததியார் நாம். அந்தச் சந்ததியாரின் கைவரிசையைக் காண விரும்புவோர் அதே வண்டியூரில் கண்மாய்க் கரையோரமாக ஒரு நாள் நடந்து பார்க்கட்டும். முன்னோர் பள்ளத்தைக் குளமாக்கினார்கள். நாமோ குளத்தைக் குப்பைப் பள்ளமாக்கி வருகிறோம்.

இக்குப்பையில் பெரும்பகுதி பிளாஸ்டிக். இதை வீட்டுக்குரிய பண்டங்களாக மாற்றும் கைத்தொழில் இன்று பல இடங்களில் தலையெடுத்திருக்கிறது. பால் பாக்கெட்டைக் கழுவி, நிழலில் உலர்த்தி, நீண்ட நாடாவாக வெட்டிப் பின்னினால் கூடையும் பையும் பாயும் ஆகின்றன. ஒயர் கூடை பின்னிப் பழகிய நம் பெண்களுக்கு இது புதிய வித்தையன்று. பாட்டிமார் பனையோலையில் செய்ததைப் பேத்திமார் வேறொரு பொருளில் செய்கிறார்கள். புனாவிலுள்ள ரீசர்க்கா என்னும் ஸ்தாபனம் இன்னும் ஒரு படி மேலே சென்றிருக்கிறது. அங்கே பழைய பைகளையும் தின்பண்ட உறைகளையும் நாடாக்களாக வெட்டி, ராட்டையில் சுற்றி, கைத்தறியில் ஊடையாகச் செலுத்தித் துணி போல நெய்கிறார்கள். அத்துணியில் பைகள் தைக்கிறார்கள்.

ராட்டையென்றதும் மதுரை வாசிகளின் நினைவு 1921-ம் வருஷத்துக்குச் செல்லாமலிராது. அவ்வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இந்நகரிலேதான் மகாத்மா காந்தி முழு உடையைத் துறந்து முழத்துண்டை ஏற்றார். கிராமக் கைத்தொழில் சங்கம் 1934-ல் தோன்றியபோது அதை நடத்தும் பொறுப்பை ஏற்ற ஜே. ஸி. குமரப்பா, தமது கடைசி நாட்களை மதுரை ஜில்லாவிலுள்ள தே. கல்லுப்பட்டியில் கழித்தார். அப்பெரியாரின் பெயர் தாங்கிய ஜயப்பூர்க் கைக்காகித ஸ்தாபனம், கதர் கிராமத் தொழில் கமிஷனின் ஆதரவில், பிளாஸ்டிக் குப்பையைக் காகிதக் கூழுடன் கலந்து பை செய்யும் முறையைக் கண்டது. 2021-ல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. மதுரைத் தியாகராஜர் பொறியியல் கல்லூரியின் ரசாயனப் பேராசிரியர் ரா. வாசுதேவன் இதே குப்பையைத் தாருடன் சேர்த்துச் சாலை போடும் வழியைக் காட்டியதும், 2018-ல் பத்மஸ்ரீ விருது பெற்றதும் நாடறிந்தவை. ஆகவே நமது ஊருக்கு அறிவும் குறைவில்லை, முன்மாதிரியும் குறைவில்லை.

ஆயினும் ஒரு மயக்கத்தைப் பற்றி எச்சரிப்பது நமது கடமை. இத்தகைய பையொன்றை விலைக்கு வாங்கிவிட்டால் தேசத்தின் குப்பைக் கடன் தீர்ந்ததென்று எண்ணுவோர் உளர். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்குப்படி 2019-20 வருஷத்தில் மாத்திரம் இந்நாட்டில் சேர்ந்த பிளாஸ்டிக் குப்பை 34 லக்ஷம் டன்னுக்கு மேல். ஒரு பெண் நாள் முழுதும் உட்கார்ந்து பின்னும் பையோ அரைக் கிலோவைத் தாண்டாது. அந்தப் பையும் ஒரு நாள் நைந்து குப்பையாகவே போகும். கைத்தொழில் இவ்வெள்ளத்தை அணைகட்டி நிறுத்திவிடும் என்பது வீண் மனோராஜ்யம்.

பின் இத்தொழிலால் பயன் என்ன? பால் பாக்கெட்டைக் காயலான் கடைக்காரர் விலை கொடுத்து வாங்குவார். பல படலங்கள் ஒட்டிய பளபளப்பான தின்பண்ட உறையை எவரும் வாங்குவதில்லை. வாய்க்காலை அடைப்பதும் கண்மாயில் மிதப்பதும் அதுவே. விலையற்ற அப்பொருளுக்கு ஒரு விலையையும், வேலையற்ற கைகளுக்கு ஒரு வேலையையும் தருவதே இத்தொழிலின் மேன்மை. அன்று அந்நியத் துணியைக் குவித்துக் கொளுத்தினோம். இக்குப்பையைக் கொளுத்தினால் நஞ்சுப் புகைதான் மிஞ்சும். வீட்டில் உருக்கிப் பண்டம் வார்க்கலாமென்று முனைவதும் அபாயமே. வெட்டுதலும், பின்னுதலும், நெய்தலும், தைத்தலுமே வீட்டுக்கேற்ற முறைகள்.

சட்டம் சொல்வதையும் நமது வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். ஒருமுறை உபயோகித்து எறியும் பல பிளாஸ்டிக் பொருள்களை 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டுச் சர்க்கார் தடுத்தது. 2022 ஜூலை முதல் மத்திய சர்க்காரும் இத்தகைய பல பொருள்களைத் தடுத்தது. தவிர, 2016-ம் வருஷத்து மத்திய விதிகள், உறையிலடைத்துச் சரக்கு விற்கும் கம்பெனிகளே அவ்வுறைக் குப்பையைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை ஏற்க வேண்டுமென்கின்றன. குப்பை போட்டு லாபம் பெறுபவன் ஒருவன், அதைக் கழுவிச் சுமப்பவள் மற்றொருத்தி என்றால் அது எந்த நீதி ஸ்தலத்திலும் நியாயமாகாது. ஏழைப் பெண்ணின் விரல்களைக் காட்டிக் கம்பெனி முதலாளி தமது பொறுப்பினின்று தப்பிவிடலாகாது.

இவற்றையெல்லாம் கருதி நாம் கூறும் யோசனைகள் மூன்று. முதலாவது, குப்பையை வீட்டிலேயே பிரித்து, உறைகளைக் கழுவி உலர்த்தித் தர வேண்டும். பிறர் வீட்டு அழுகலைக் கழுவும் வேலையைக் கைத்தொழிலாளியின் தலையில் கட்டுவது அவமானம். இரண்டாவது, மதுரை மாநகராட்சி அவற்றைத் தனியே சேகரித்து, வண்டியூரில் ஒரு கட்டிடமும் தண்ணீரும் தறிகளும் அளித்து, மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் விலையின்றி ஒப்படைக்க வேண்டும். மூன்றாவது, கூலி. நூற்போர் ஜீவிப்பதற்குப் போதிய கூலி பெற வேண்டுமென்று 1935-ல் அகில இந்திய சர்க்கா சங்கம் தீர்மானித்தது. கதர் விலை ஏறினாலும் ஏறட்டும் என்று காந்தியடிகள் உறுதியாய் நின்றார். அதே அளவுகோலை இங்கும் வைக்க வேண்டும். பட்டணத்துக் கடையில் நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு விற்கும் பைக்குப் பின்னியவள் கையில் சில்லறைக் காசு விழுமாயின், அதற்குக் கைத்தொழில் என்ற பெயர் தகாது. சுரண்டல் என்ற பெயரே தகும்.

தேச சேவை செய்ய மேடையும் கொடியும் வேண்டுமென்று காத்திருக்கும் வாலிப நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. சித்திரையில் அழகர் வண்டியூருக்கு எழுந்தருளும்போது வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறோம். அப்பந்தலில் எறியும் உறைகளுக்குப் பதிலாகக் குடமும் குவளையும் வைக்க ஒரு தொண்டர் படை திரளட்டும். கையில் மஞ்சப்பையுடன் கடைக்குப் போகட்டும். வேண்டாததை மறுப்பது முதற்கடமை. மறுக்க முடியாததை மாண்புள்ள பண்டமாக்குவது அடுத்த கடமை. முதலாவதைச் செய்யாதவனுக்கு இரண்டாவதைப் பற்றிப் பேச உரிமையில்லை என்பதே நமது துணிந்த அபிப்பிராயம்.