திரையின் ஜாதகம்

கண் பழுதா, கண்ணாடி பழுதா என்ற சந்தேகம் நாற்பது வயதைத் தாண்டிய எவருக்கும் வரக்கூடியதே. நமக்கும் வந்ததுண்டு. ஆனால் சென்ற கோடை விடுமுறையில் ஏற்காட்டிலுள்ள நம் நண்பருக்கு வந்த சந்தேகம் சற்று விலையுயர்ந்தது.

நண்பர் ஓய்வு பெற்ற தாவர சாஸ்திர உபாத்தியாயர். சேர்வராயன் மலையில் மரக்கிளைகளைப் பற்றி வளரும் ஆர்க்கிட் செடிகளைப் படம் எடுத்துச் சேர்ப்பதே இப்போது அவருக்கு வேலை. அப்படங்களை நுட்பமாகப் பார்ப்பதற்கென்று பிள்ளைகள் பணம் போட்டு, 27 அங்குல ‘4கே’ திரை ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார்கள். நாம் போய்ச் சேர்ந்த சமயம் அது மறுபடியும் அட்டைப் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது!

“என்ன விசேஷம்?” என்றோம்.

“இதைப் பார்த்தால் தலை சுற்றுகிறது, ஸார். அம்புக்குறி தத்தித் தத்திப் போகிறது. புரை எடுத்த கண்ணில்தான் கோளாறு என்று முதலில் பயந்துபோனேன். கடைக்காரர் உயர்ந்த கேபிள் வாங்கச் சொன்னார், வாங்கினேன். ஒன்றும் பலிக்கவில்லை. திருப்பிக் கொடுக்க நாளைதான் கடைசி நாள்.”

கண்ணாடித் திரையுடன் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் போவதென்றால் லேசான காரியமா? பெட்டியைப் பிரிக்கச் சொன்னோம்.

கம்ப்யூட்டரில் ‘அட்வான்ஸ்டு டிஸ்பிளே’ என்ற பக்கத்தைத் திறந்ததும் சங்கதி பாதி விளங்கிவிட்டது. அங்கே 30 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தது. அதாவது, வினாடிக்கு 60 தடவை மாற வேண்டிய படம் 30 தடவையே மாறிக்கொண்டிருந்தது. நண்பரின் கண்மீது குற்றமில்லை.

இதற்குக் காரணம் வெறும் கணக்குத்தான். 4கே திரையில் அகலத்தில் 3,840, உயரத்தில் 2,160, ஆக 82,94,400 புள்ளிகள். புள்ளி ஒன்றுக்கு 24 பிட் வர்ணம். வினாடிக்கு 60 படம். பெருக்கிப் பார்த்தால் வினாடிக்குச் சுமார் 1,194 கோடி பிட்டுகள் கேபிள் வழியே ஓடியாக வேண்டும். 2009-ல் வெளிவந்த எச்.டி.எம்.ஐ. 1.4 என்ற முறையோ, குறியீட்டுச் செலவு போகச் சுமார் 816 கோடிதான் சுமக்கும். ஆகவே படத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறது. 2013-ல் வந்த 2.0 முறை 1,440 கோடி சுமக்கும். அதற்கு 60 படம் ஒரு பொருட்டல்ல.

நண்பரின் திரை எந்த முறையைச் சேர்ந்தது? பெட்டியின்மேல் ‘4கே’ என்றும் ‘எச்.டி.எம்.ஐ.’ என்றும் கொட்டை எழுத்தில் இருந்ததே தவிர, எண்ணைக் காணோம். எண் இருந்தாலும் நம்பிவிடுவதற்கில்லை. 2017-ல் 2.1 வந்த பிறகு 2.0 என்ற தனி முறையே கிடையாதாம்; பழைய சக்தி மட்டுமே உள்ள சாமானுக்கும் 2.1 என்று பெயர் சூட்டலாமாம். 2021 டிசம்பரில் இது அம்பலமாயிற்று. அரைப்படி அரிசிக்கு ஒரு படி என்று சீட்டு ஒட்டினால் நம் ஊர் மளிகைக்காரரைச் சும்மா விடுவோமா?

திரையின் முதுகிலிருந்த மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதைச் செய்தவர்களின் கையேட்டைத் தேடிப் பிடித்தோம். கேபிள் செருகும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் எதிரே அதன் சக்தி தனித்தனியாக எழுதியிருந்தது. இதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஒரே திரையில் ஒரு போர்ட்டு 60-ம், பக்கத்துப் போர்ட்டு 30-மாக இருப்பது உண்டு. நண்பரின் திரையில் எல்லாம் 60. திரை நிரபராதி!

அப்படியானால் குற்றவாளி யார்? கேபிளைச் செருகியதும் திரை தன் ஜாதகத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடுகிறது. ‘ஈடிட்’ என்று அதற்குப் பெயர். கம்ப்யூட்டர் தன் ஜாதகத்தோடு பொருத்தம் பார்த்து, இருவருக்கும் ஒத்து வருவதையே காட்டுகிறது. நண்பரின் கம்ப்யூட்டர் சுமார் எட்டு வருஷத்துக்கு முந்தியது, அதிலிருந்த எச்.டி.எம்.ஐ. போர்ட்டு 1.4 முறையைச் சேர்ந்தது. இந்தப் பக்கம் பாதை குறுகலாயிருக்க, அந்தப் பக்கம் திரையையும் நடுவில் கேபிளையும் மாற்றி என்ன பயன்?

நல்ல வேளையாக அதே கம்ப்யூட்டரின் பின்புறம், ஒரு மூலை மட்டும் சாய்வாக வெட்டிய இன்னொரு போர்ட்டும் இருந்தது. டிஸ்பிளே போர்ட் என்பார்கள். அதன் 1.2 முறை 2010-லேயே 1,728 கோடி சுமந்தது. கேபிளுக்கு எங்கே போவது என்று நண்பர் கவலைப்பட்டார். அட்டைப் பெட்டியின் அடியில் உறை பிரிக்காமலே ஒன்று கிடந்தது.

செருகியதும் 60 ஹெர்ட்ஸ் என்று வந்தது. அம்புக்குறி எண்ணெயில் வழுக்குவதுபோல் ஓடிற்று. நண்பர் ஆர்க்கிட் படங்களை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்து மகிழ்ந்தார். பிறகு, கடைக்காரர் விற்ற கேபிளை ஞாபகமாக எடுத்து மடித்து வைத்தார். அதைத் திருப்பிக் கொடுக்கவும் நாளைதான் கடைசி நாளாம்!