நோபல் பரிசு பட்டினிக்கா?

ஏகாதசியின் பெருமையை உலகம் ஒப்புக்கொண்டுவிட்டதாம்! பட்டினி கிடந்தால் உடல் தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் என்பதை ஜப்பானிய அறிஞர் ஒருவர் கண்டறிந்தாராம். அதற்காகவே அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டதாம். நம் முன்னோரோ அதை அன்றே அறிந்து, நாள் குறித்து, நோன்பு வகுத்து வைத்தனராம்! 2016ஆம் ஆண்டு தொட்டுக் கைப்பேசிதோறும் இந்த முழக்கம் கேட்கிறது.

கேட்டோம், சிரித்தோம். சென்ற ஆடி வெள்ளியன்று எமது பள்ளியின் காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு சிறுமி சுருண்டு விழும் வரையில் சிரித்தோம். தண்ணீர் தெளித்து எழுப்பி, "காலையில் என்னம்மா சாப்பிட்டாய்?" என்றோம். "விரதம் சார். நோபல் பரிசு கொடுத்த விரதம்" என்றாள். இனியும் சிரித்துக்கொண்டிருக்கலாமா?

பரிசு பெற்றவர் யோஷினோரி ஓசுமி. பரிசு எதற்கு? உயிரணு தன்னுள்ளே பழுதுபட்ட பகுதிகளைச் சவ்வினால் சுற்றி வளைத்து, செரித்து, மீண்டும் பயன்படுத்திக்கொள்ளும் முறையை விளக்கிக் காட்டியதற்கு! தன்விழுங்கல் எனும் அந்நிகழ்வுக்கு 1963ஆம் ஆண்டிலேயே பெல்ஜிய அறிஞர் கிறிஸ்டியன் டி டுவ் பெயரிட்டுவிட்டார். ஆயினும், அதனை இயக்குவது எது என்பது இருளிலே கிடந்தது. 1988இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தமக்கெனச் சிறியதோர் ஆய்வுக்கூடம் அமைத்த ஓசுமி, ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட்டை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். அதன் செரிமான அறையில் உள்ள நொதிகளை முடக்கினார், உணவையும் நிறுத்தினார். செரிக்கப்படாத குமிழ்கள் சில மணி நேரத்தில் அந்த அறையில் நிரம்பி, நுண்ணோக்கியின் வழியே கண்ணுக்குத் தெரிந்தன. பின்னர் ஆயிரக்கணக்கான ஈஸ்ட் வகைகளைச் சலித்தெடுத்து, இந்நிகழ்வுக்கு இன்றியமையாத 15 மரபணுக்களை 1993இல் அறிவித்தார். பட்டினி கிடந்தது ஈஸ்ட், பாடுபட்டது ஓசுமி, பரிசு மட்டும் பஞ்சாங்கத்துக்கா?

பட்டினி தன்விழுங்கலைத் தூண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது எத்தகைய நிலை? வரவு நின்றுபோன வீட்டில் கதவைக் கழற்றி அடுப்பெரிக்கும் நிலை! வயிறார உண்ணும் நாளிலும் உயிரணு இத்துப்புரவை ஓரளவு நடத்திக்கொண்டேதான் இருக்கிறது. நோன்பிருந்தால் புற்றுநோயும் தீரும் என்கின்றனர். வளர்ந்துவிட்ட புற்றுக்கட்டி தன்விழுங்கலையே துணையாகக் கொண்டு பிழைப்பதும் உண்டு என்பதை மறைத்துவிடுகின்றனர். பரிசுக்குக் காரணம் கூறும் வாசகத்தில் நோன்பு என்ற சொல்லே இல்லை.

மைட்டோகாண்ட்ரியாவை எடுத்துக்கொள்வோம். உயிரணுவுக்கு ஆற்றல் ஆக்கித் தரும் அடுப்புகள் அவை. பழுதான அடுப்பு நஞ்சு கக்கும். அதனை அகற்றுவதும் தன்விழுங்கலே. பிங்க்1, பார்க்கின் எனும் இரு புரதங்கள் பழுதானவற்றை அடையாளமிட்டுக் காட்டுகின்றன. அவற்றின் மரபணுக்கள் கெட்டால் இளவயதிலேயே நடுக்குவாதம் தாக்கக்கூடும். அந்நோயை வெல்லும் வழியை அறிஞர்கள் தேடுகின்றனர். ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு. அங்குள்ள ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் ரவி மஞ்சிதயாவும் அவர்தம் குழுவினரும், தன்விழுங்கலைத் தூண்டும் ஒரு சிறு மூலக்கூறு நடுக்குவாத எலிகளின் நரம்பணுக்களைக் காப்பதை 2017இல் வெளியிட்டனர். ஆராய்ச்சி அங்கே, ஆரவாரம் இங்கே!

அந்த அடுப்புகள் ஒழுங்காக எரிய இரும்புச்சத்து வேண்டும். அது நோன்பில் விளையாது, உணவில் வரவேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை என்றது 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு. இவர்களையா பட்டினி போடுவது? கணவன் நலம்பெற மனைவி பட்டினி. நல்ல கணவன் வாய்க்க மகள் பட்டினி. மகன் தேர்வில் வெல்லத் தாய் பட்டினி! மனைவி நலம்பெறக் கணவன் கிடக்கும் பட்டினியை எந்தப் பஞ்சாங்கத்தில் தேடுவது?

வானம் பொய்த்தபோதெல்லாம் கிழமை பாராது பட்டினி கிடந்த தலைமுறைகளைக் கண்ட மண் தருமபுரி மண். பட்டினியால் பிணி தீருமெனில், இங்கே மருத்துவமனைக்கே வேலையிருந்திராதே!

இந்தத் தருமபுரிதான் பண்டைத் தகடூர். நீடு வாழவைக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு அளித்தான் அதியமான் என்பர். கதையென்றே கொள்ளுங்கள்! அந்தக் கதையிலும், பெண்ணொருத்தி நெடுநாள் வாழவேண்டும் என்று எண்ணியவன் அவளுக்குக் கொடுத்தது கனி, பட்டினியன்று.

அன்று அச்சிறுமிக்கு ஒரு குவளை கேழ்வரகுக் கூழ் கொடுத்தோம். குடித்தாள், எழுந்தாள், வகுப்புக்கு வந்தாள். அவள் வீட்டுக்கும் சென்று அவள் தாயிடம் இவற்றையெல்லாம் கூறினோம். உங்கள் தெருவிலும் அப்படி ஒரு தாய் இருப்பார். அவரிடம் கூறும் பொறுப்பு உங்களுடையது!