வழக்கு வருமுன் வக்கீல்

அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகளை உடைய குடும்பங்களில், ஆண்டு முடிவு நெருங்கும்போது ஒரு விசாரம் எழுவதுண்டு. கம்பெனியார் ஒரு பாரத்தை நீட்டுகிறார்கள். வைத்தியத்துக்கு இன்ஷூரன்ஸ் வேண்டுமா, பல்லுக்கு வேண்டுமா, கண்ணுக்கு வேண்டுமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, “வக்கீலுக்கு வேண்டுமா?” என்றும் அந்தப் பாரம் கேட்பதுண்டு. சம்பளத்தில் மாதந்தோறும் ஒரு சிறு தொகையைப் பிடித்துக்கொள்ளச் சம்மதித்தால், ஆண்டு முழுவதும் சட்ட ஆலோசனை கிடைக்கும். “நாம் என்ன கொலையா செய்யப் போகிறோம், கொள்ளையா அடிக்கப் போகிறோம்? நமக்கு எதற்கு வக்கீல்?” என்று அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறவர்கள் அநேகர். அப்படி விடுவது சரிதானா என்று இந்த வாரம் சற்று யோசித்துப் பார்ப்போம்.

“கோர்ட்டில் ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான்” என்பது நம்மவர் அநுபவத்தில் பிறந்த வாக்கு. ஆகையால் வக்கீல் வீட்டு வாசற்படியை மிதிப்பதே ஓர் அபசகுனம் என்று நாம் எண்ணி வந்திருக்கிறோம். ஆனால் குடும்பஸ்தனுக்கும் சட்டத்துக்கும் உறவு ஏற்படுவது கொலை கொள்ளையினால் அன்று. வீட்டு வாடகைச் சீட்டு, மனைக் கிரயம், கடன் பத்திரம், தகப்பனார் எழுதாமல் போன உயில் ஆகிய இந்தச் சாதுவான காகிதங்கள்தாம் அவனைக் கோர்ட்டுக்கு இழுக்கின்றன. கையெழுத்துப் போடுவதற்கு முன் அரைமணி நேரம் விசாரித்திருந்தால் வழக்கே தோன்றியிராது.

அந்த அரைமணியை விலைக்கு வாங்குவதுதான் அமெரிக்காவில் கஷ்டமாக இருந்தது. செல்வருக்குக் கூப்பிட்ட குரலுக்கு வக்கீல் உண்டு. பெருங்குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்குச் சர்க்காரே வக்கீல் வைத்துக் கொடுக்கவேண்டும் என்று 1963-ல் கிடியன் வழக்கில் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சிவில் விவகாரங்களில் வறியவர்களுக்குத் துணை நிற்க 1974-ல் ஒரு சட்டம் செய்து தேசிய ஸ்தாபனம் ஒன்றை அமைத்தார்கள். இரண்டுக்கும் நடுவே நிற்கும் மத்தியதரக் குடும்பத்தானுடைய கதி என்ன? இலவச உதவி பெற அவன் போதிய ஏழை அல்ல. வக்கீல் அமர்த்தப் போதிய செல்வனும் அல்ல. அங்கே வக்கீல்கள் பெரும்பாலும் மணிக்கணக்கில் கட்டணம் வாங்குகிறவர்கள். வாடகைக் காரின் மீட்டரைப் பார்த்தபடியே பிரயாணம் செய்கிறவனைப்போல், கட்சிக்காரன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தன் கஷ்டத்தைச் சொல்லவேண்டியிருக்கிறது.

இதற்குப் பரிகாரம் தேடியவர்களில் முன்னால் நின்றவர்கள் பெரிய மனிதர்கள் அல்ல. லூயிஸியானா மாகாணத்தில் ஷ்ரீவ்போர்ட் என்று ஒரு நகரம். அங்குள்ள கட்டட வேலைத் தொழிலாளர் சங்கத்தார் 1971-ல் ஒரு காரியம் செய்தார்கள். தாங்கள் வேலை செய்யும் ஒவ்வொரு மணிக்கும் 2 சென்ட் வீதம் ஒரு பொது நிதியில் சேர்த்தார்கள். ஆண்டுக்கு 2,000 மணி உழைக்கிறவன் கொடுப்பது 40 டாலர். அதற்கு ஈடாக, ஆலோசனைக்கு இவ்வளவு, பத்திர வேலைக்கு இவ்வளவு, வழக்குக்கு இவ்வளவு என்று வரம்பு கட்டி, நிதியிலிருந்தே வக்கீல் கட்டணம் கொடுக்கப்பட்டது. வக்கீல் இன்னார் என்பதை அங்கத்தினரே தெரிந்தெடுக்கலாம். அமெரிக்க வக்கீல்களின் தேசியச் சங்கமும் இந்த முயற்சிக்குக் கைகொடுத்தது.

வக்கீல் உலகம் முழுவதும் இதை மலர்மாலையோடு வரவேற்றது என்று எண்ணிவிட வேண்டாம். கட்சிக்காரனுக்கும் வக்கீலுக்கும் இடையே மூன்றாமவர் புகலாகாது என்பது அத்தொழிலின் பழைய தர்மம். ரயில்வே தொழிலாளர் சங்கம் ஒன்று தன் அங்கத்தினருக்கு வக்கீல்களைச் சிபார்சு செய்ததை வர்ஜீனியா மாகாண வக்கீல் சங்கம் ஆட்சேபித்து வழக்காடியது. சேர்ந்து நின்று சட்ட உதவி தேடுவது பிரஜைகளின் உரிமை என்று 1964-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறிற்று. 1973-ல் தொழில் சட்டத்தைத் திருத்தி, முதலாளிகளும் இத்தகைய நிதிக்குப் பணம் செலுத்தலாம் என்றார்கள். பிறகு வியாபாரக் கம்பெனிகளும் இத்துறையில் பெருகின. அவற்றுள் பெரியதொன்றை 1972-ல் ஓக்லஹோமாவில் தொடங்கியவர் ஹார்லண்ட் ஸ்டோன்சைஃபர். 1969-ல் நேர்ந்த ஒரு மோட்டார் விபத்தில், காரைப் பழுது பார்க்கவும் உடம்பைப் பழுது பார்க்கவும் இன்ஷூரன்ஸ் இருந்தது, வக்கீலுக்கு மட்டும் இல்லை என்பதே அவருக்கு யோசனை பிறந்த கதை.

ஜெர்மனியிலோ 1928 முதலே இதற்கென்று தனிக் கம்பெனி உண்டு. அங்கே வழக்கில் தோற்றவன் எதிராளியின் செலவையும் ஏற்கவேண்டும். ஆகையால் சாதாரணக் குடும்பங்களும் இந்த இன்ஷூரன்ஸை வீட்டுச் செலவில் ஒன்றாகவே கருதுகின்றன.

இவ்வளவினாலும் என்ன லாபம் என்று நேயர்கள் கேட்கலாம். வழக்குகளில் ஜெயிப்பதல்ல பெரிய லாபம். பயமின்றிக் கேட்க முடிவதுதான். ஓர் உதாரணம் பாருங்கள். பழைய கடன்களை வேறொரு கம்பெனி மலிவாக விலைக்கு வாங்கிக்கொண்டு வழக்குத் தொடர்வது அமெரிக்காவில் சர்வ சாதாரணம். கோர்ட்டுச் சம்மன் வீட்டுக்கு வருகிறது. கடன்பட்டவன், வக்கீல் கட்டணத்தை நினைத்து அஞ்சி, அதை மேஜை டிராயரில் போட்டு மூடிவிடுகிறான். மனைவியிடமும் சொல்வதில்லை. அத்தகைய வழக்குகளில் பெரும்பாலானவை எதிர்த்தரப்பில் ஆளே வராமல் ஒருதலையாகத் தீர்ப்பாகிவிடுகின்றன. பிறகு சம்பளத்தில் ஜப்தி. அந்தக் கடன் காலாவதியானதாக இருந்திருக்கலாம். தொகை தப்பாக இருந்திருக்கலாம். வாங்கியதற்குச் சரியான அத்தாட்சியே கம்பெனியிடம் இல்லாதிருந்திருக்கலாம். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். பணம் முன்பே கட்டியாகிவிட்டது என்றால் கேட்பதற்குத் தயக்கம் வராது.

ஆனால் சந்தா கட்டியதும் கவலை தீர்ந்தது என்று உறங்கிவிடக் கூடாது. கையெழுத்துப் போடுமுன் ஆலோசனை கேட்கவேண்டும் என்று போதிக்கும் ஏற்பாட்டிலேயே படிக்காமல் கையெழுத்துப் போட்டால் அதைவிட வேடிக்கை வேறில்லை! சேர்வதற்கு முன்பே முளைத்துவிட்ட தகராறுகளைப் பொதுவாக ஏற்பதில்லை. ஜெர்மனியில் பல விவகாரங்களுக்கு மூன்று மாதம் காத்திருக்கவேண்டும். கம்பெனி மூலம் கிடைக்கும் திட்டம், அதே கம்பெனிமேல் வழக்காட உதவாது. ஆலோசனையும் கடிதமும் தாராளமாகக் கிடைக்கும். கோர்ட்டில் நின்று வாதாடுவதற்குப் பல திட்டங்களில் அளவு உண்டு. வக்கீலைத் தெரிந்தெடுப்பது யார் என்பதும் முக்கியம். கோர்ட்டு விவகாரம் என்று வந்தால் அந்த உரிமை சந்தாதாரருடையதே என்று ஐரோப்பிய நாடுகள் 1987-ல் விதி செய்தன. வரும் ஆண்டில் வீடு வாங்குவதோ, உயில் எழுதுவதோ, வேறு பத்திரமோ ஒன்றுமில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவர்கள் அப்பணத்தைச் சேமித்து வைத்தாலும் தவறில்லை.

நம் நாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. சந்தா கட்டாமலே கிடைக்கும் உதவி ஒன்று இங்கே இருக்கிறது. 1987-ல் இயற்றப்பட்டு 1995-ல் அமலுக்கு வந்த சட்டப்பணி ஆணையச் சட்டப்படி, பெண்களும் குழந்தைகளும், வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி கோரத் தகுதியுடையவர்கள். ஜில்லா கோர்ட்டுதோறும் இதற்கு அலுவலகம் உண்டு. 15100 என்ற எண்ணில் டெலிபோனிலும் விசாரிக்கலாம். மாதச் சம்பளக்காரரான கணவருக்கு இந்தச் சலுகை பெரும்பாலும் கிட்டாது. அவருடைய மனைவிக்கு உண்டு. வீட்டு எஜமானி யார் என்பதைச் சட்டமும் அறிந்தே வைத்திருக்கிறது போலும்!

வைத்தியரிடம் நோய் முற்றுமுன் போகவேண்டும் என்பதை நாம் கற்றுக்கொண்டுவிட்டோம். வக்கீல் விஷயத்திலும் அதைக் கற்கவேண்டிய காலம் வந்திருக்கிறது. உங்கள் மேஜை டிராயரில் பிரிக்கப்படாத கடிதம் ஏதாவது இருந்தால், இன்றைக்கே அதை எடுத்துப் படியுங்கள்; மனைவியிடம் காட்டுங்கள்; பிறகு விஷயம் தெரிந்தவரிடம் போய்க் கேளுங்கள்.